நண்டு மேல் போட்ட பழி

தப்பா நெனச்சுக்காதீங்க தங்கச்சி, உங்களைப் பாத்துச் சிரிக்கல. மன்னார்குடியில பஸ் ஏறுனதுலேருந்து நான் தனியாச் சிரிச்சுக்கிட்டு வர்றதை நீங்களும் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டுதான் வர்றீங்க, எனக்குத் தெரியுது. பைத்தியமெல்லாம் இல்லை. என் சம்பந்தியை நெனச்சேன், சிரிப்பு வந்துருச்சு, அவ்வளவுதான். நாலு நாளா இப்படித்தான். அடுப்படியில நின்னாலும் சிரிப்பு, நாத்துக்கட்டு தூக்குனாலும் சிரிப்பு. நேத்து ஒரு எழவு வீட்டுல வேற வந்துருச்சு. முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு, அழுவுற மாதிரி தோளைக் குலுக்கிச் சமாளிச்சேன். பக்கத்துல இருந்தவ முதுகைத் தடவிக் குடுத்து, "அழுவாத கோகிலம், போனவங்க திரும்பியா வரப்போறாங்க"ங்கறா.

கோகிலம்தான் எம் பேரு. தஞ்சாவூரு போறேன். அங்க ஆராய்ச்சிக்காரங்க ஒரு கூட்டம் போடுறாங்க, அதுல என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் படிச்சது ஆறாவது. பேசப்போறது எதைப் பத்தின்னு கேளுங்க. சேத்தைப் பத்தி! சேத்துலேருந்து கெளம்புற வாயுவைப் பத்தி! பாத்தீங்களா, இப்ப நீங்களும் சிரிக்கிறீங்க.

மொதல்ல என் சம்பந்தியைச் சொல்லிடணும். தையல்நாயகின்னு பேரு. எம் மக வெண்ணிலாவை அவங்க மவனுக்குக் குடுத்து ரெண்டு வருசமாவுது. ஒரே ஊரு, நாலு தெரு தள்ளி வீடு. வயலும் அடுத்தடுத்துதான். மேல வயலு அவங்களுது, கீழ வயலு எங்களுது, நடுவுல ஒத்தை வரப்பு. பொண்ணு குடுக்கறப்ப எல்லாரும் சொன்னாங்க, பக்கத்துலயே குடுக்கறே கோகிலம், பொண்ணு கண்ணு முன்னாடியே இருப்பான்னு. கண்ணு முன்னாடிதான் இருக்கா. சம்பந்தி பேசுறது காதுலயும் விழுமே, அதை ஒருத்தரும் சொல்லல.

நான் யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை தப்பாப் பேசுறவ இல்லை, எங்க ஊருல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. ஆனா அந்தம்மாவுக்கு இருக்கற வாயிக்கு மடையும் கெடையாது, மதகும் கெடையாது. ஒட்டடைக் குச்சிக்குச் சேலை சுத்துன மாதிரி ஒரு ஒடம்பு, அதுலேருந்து எப்படித்தான் அவ்வளவு சத்தம் வருதோ. நல்ல மனுசிதான். நான் கொறையாச் சொல்லல.

போன வைகாசியில ஒரு பொண்ணு ஸ்கூட்டில வந்து எறங்குச்சு. ரோஸ்லின்னு பேரு, நாகர்கோவிலு பக்கம். இந்த வயலுலேருந்து வர்ற வாயுவை அளந்துதான் அது டாக்டர் பட்டம் வாங்கணுமாம். ஊசி போடுற டாக்டர் இல்லை, அது வேற டாக்டர். ஆனா ஊசி வெச்சிருந்துச்சு, அதைப் பின்னால சொல்றேன். ஒரே மண்ணா ரெண்டு வயலு பக்கத்துப் பக்கத்துல வேணும்னு ஊரையே சுத்திப் பாத்துட்டு, கடைசியில எங்க ரெண்டு வயலையும் புடிச்சுக்கிச்சு. குறுவை நடவு முடிஞ்ச கையோட சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. ஒரு வயலுல எப்பயும் போல தண்ணி கட்டி நிக்கணும். இன்னொண்ணுல காய்ச்சலும் பாய்ச்சலும். அதாவது, தண்ணி வெச்சு, அது சுண்டி, மண்ணு லேசா வெடிக்கற வரைக்கும் காயவிட்டு, அப்புறம் திரும்ப வெக்கணும். சீட்டுல தையல்நாயகிக்குத் தண்ணி விழுந்துச்சு. எனக்குக் காயறது விழுந்துச்சு.

அப்பவே அந்தம்மா மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க!

நீங்க டவுனா? அப்ப உங்களுக்கு இது புரியாது. எங்க பக்கம் வயலுல தண்ணி தளும்பி நின்னாதான் அந்த வீட்டுல ஒழுங்கா வெள்ளாமை பாக்குறாங்கன்னு அர்த்தம். காஞ்சு கெடந்தா, ஒண்ணு அந்த வீட்டு ஆம்பளை சரியில்லை, இல்லாட்டி அந்த வீட்டுக் காலம் சரியில்லை. இந்தப் பொண்ணு என்னடான்னா, தண்ணி நின்னாதான் தப்புங்குது. எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுச்சு. தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா மண்ணுக்கு மூச்சு முட்டுமாம். அப்படி மூச்சு முட்டுன மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்காம். அதுங்க மக்குன வேரையும் தாளையும் தின்னுட்டு வாயுவா விடுமாம். சாண எரிவாயு அடுப்புல எரியுதே, அதே வாயுதான். அது பயிரோட தண்டு வழியாவே ஏறி, வானத்துல போயி போர்வையாட்டம் மூடிக்கிட்டு, பூமியோட சூட்டை வெளியில விடாதாம். மண்ணைக் கொஞ்சம் காயவிட்டா காத்துப் போவும், அந்த உசுருங்க அடங்கிரும், வாயு கொறையும். நான் கேட்டேன், "ஏம்மா, ஊரு உலகத்துல காரு ஓடுது, லாரி ஓடுது, எங்க சேத்து ஏப்பத்துக்கா வந்தே?"ன்னு. "எல்லார் ஏப்பமும் சேந்தாத்தாம்மா போர்வை"ன்னுச்சு. 

அப்புறம் இன்னொண்ணும் சொல்லுச்சு. காயவெச்சு நனைச்சு காயவெச்சு நனைச்சு, மேல யூரியாவையும் அள்ளிக் கொட்டுனா, வேற ஒரு வாயு கெளம்புமாம். சிரிப்பு வாயுவாம்! சத்தியமாங்க, பேரே அதுதானாம். கொஞ்சமா வந்தாலும் அது பொல்லாததாம், அதனால யூரியாவை அளந்துதான் போடணும்னுச்சு. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் நிக்கல. வயலுலேருந்து சிரிப்பு வாயு வருதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தேன்.

திங்கக்கெழமை திங்கக்கெழமை காலையில வரும். கண்ணாடியாட்டம் ஒரு பொட்டியைப் பயிரு மேல கவுத்து வெச்சு, பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஊசியால உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி, சின்னச் சின்ன பாட்டிலுல ஏத்தும். நான் கொடை புடிச்சுக்கிட்டு மணி பாத்துச் சொல்லணும். பாட்டிலு மேல என் பேரை எழுதி ஒட்டும். கோகிலம் ஒண்ணு, கோகிலம் ரெண்டு, கோகிலம் மூணு. ரேஷன் கார்டுக்கு அப்புறம் என் பேரை ஒருத்தரு எழுதுனது அதுலதான். அப்புறம் வயலுக்குள்ள ஒரு ஓட்டைக் குழாயைப் புதைச்சுட்டுப் போச்சு. அதுக்குள்ள தண்ணி எத்தனை வெரக்கடை கீழ போயிருக்குன்னு நான் தெனம் பாத்து நோட்டுல எழுதணும். ஒரு சாண் கீழ போனாத்தான் வயலுக்குத் தண்ணி வெக்கலாம். என்னை நம்பித்தான் நோட்டைக் குடுத்துச்சு.

இப்ப கதைக்கு வர்றேன்.

ஆனி பன்னெண்டாம் தேதி, வெள்ளிக்கெழமை. வயலு மொத தடவை மயிரெழ மாதிரி வெடிச்சிருக்கு. தையல்நாயகி வரப்புல வந்து நின்னு, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, "என்ன சம்பந்தி, வயலுக்கு வெள்ளிக்கெழமை வெரதமா?"ன்னுச்சு. சுத்தி நாலு பொம்பளைங்க களை எடுத்துக்கிட்டிருக்காங்க. அம்புட்டும் சிரிச்சிருச்சுங்க. நானும் சேந்து சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்யறது, பொண்ணைக் குடுத்திருக்கமே.

மறுநா மத்தியானம், ஊரே சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கற நேரம், நான் வயலுக்குப் போனேன். வரப்புல ஒரு நண்டு வளை இருந்துச்சு. கைய விட்டு அதைக் கொஞ்சம் பெருசாக்குனேன். கொஞ்சம்தான். மேல வயலுத் தண்ணி கலகலன்னு எங்க வயலுக்குள்ள எறங்குச்சு. தங்கச்சி, அந்தச் சத்தத்தைக் கேட்டப்ப எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே! அம்பது வயசுக்கு மேல திருடுறதுல ஒரு சொகம் இருக்குங்க. சாயந்தரம் மண்ணும் வெக்கோலும் வெச்சு அடைச்சுட்டு வந்துட்டேன். நோட்டுல என்ன எழுதுனேன்னு கேக்காதீங்க.

அது அன்னியோட நின்னிருக்கும். ஆனா அந்தம்மா வாய் நிக்கலையே. ஆனி பதினேழு, கோயில் வாசல்ல வெச்சு, "எங்க வீட்டுக்கு வந்தப்புறம்தான் வெண்ணிலா கொழம்புல தண்ணியையே பாத்திருக்கு. பாவம், அம்மா வீட்டுல எல்லாம் வறட்டு வறட்டுன்னுதானே"ன்னு சொல்லுச்சு. வயலைச் சொன்னியா, சொல்லிட்டுப் போ. எம் மகளையும் கொழம்பையும் ஏன் இழுக்கற? அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. எம் மவளை நெனச்சுத்தான். நம்ம வயலு காஞ்சதுக்கு அவ அங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பரிமாறணுமா? மறுநா மத்தியானம் வளையைத் தொறந்துட்டேன்.

ஆனி இருவத்திநாலு, முறுக்குச் சுட்டு குடுத்து விட்டிருந்தேன். "முறுக்கு உங்க வயலு மண்ணாட்டம் மொறுமொறுன்னு இருக்கு சம்பந்தி"ன்னு சொல்லியனுப்புச்சு. தொறந்தேன். இப்படியே போச்சு. சொல்லும், தொறப்பேன். சொல்லும், தொறப்பேன்.

சில நாளு என்ன ஆவும்னா, நான் போறதுக்கு முன்னாடியே வளை தொறந்து தண்ணி ஓடிக்கிட்டிருக்கும். அடைச்ச வெக்கோலு ஓரமாக் கெடக்கும். நண்டு நம்ம கட்சியில சேந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துருவேன். ஒருநா ரோஸ்லின் அந்தத் தொளையைப் பாத்துட்டு, "இது என்னம்மா?"ன்னு கேட்டுச்சு. நான் "நண்டு"ன்னேன். அதே நேரத்துல மேல வயலுலேருந்து தையல்நாயகியும் "நண்டு"ன்னுச்சு. கல்யாணம் பேசுன நாள்லேருந்து நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்ன மொத வார்த்தை அதுதான்.

ஞாயித்துக்கெழமையானா எனக்கு வேலை அதிகம். மறுநா அந்தப் பொண்ணு வருமே! மேல நிக்கற தண்ணியைக் கீழ்ப் பக்கத்து வாய்க்காலுக்கு வடிச்சுவிடுவேன். பாத்தா வயலு காஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அந்தக் குழாய் இருக்கே, அது காட்டிக் குடுத்துரும். அதுக்குள்ள தண்ணி நிக்கும். டம்ளரால மொண்டு ஊத்துறேன், ஊறுது. திரும்ப மொள்றேன், திரும்ப ஊறுது. ஸ்கூட்டி சத்தம் தெருவுல கேக்குது, நான் இங்க கவுந்து படுத்து மொண்டுக்கிட்டிருக்கேன். கிட்ட வந்துருச்சுன்னா ஓடிப்போயி, "வா கண்ணு, வெயில்ல வந்துருக்கே, மொதல்ல மோரு குடி"ன்னு வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயிருவேன். அது என்ன நெனச்சுச்சு தெரியுமா? கோகிலம் அம்மா மாதிரி பாசக்காரங்க உண்டான்னு நெனச்சுச்சு. எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கு.

இப்படி இருக்கையில, ஆனி இருவத்தெட்டுல தையல்நாயகி மூத்த மக பிரசவத்துக்குத் திருப்பூரு போச்சு. போனது மூணு வாரம் வரல. ஊரே அமைதி. என்னை யாரும் ஒண்ணும் சொல்லல, எனக்கும் வரப்புப் பக்கம் போகத் தோணல. வயலு பாட்டுக்குக் காஞ்சுது, நோட்டுல எழுதுன மாதிரியே தண்ணி வெச்சேன், திரும்பக் காஞ்சுது. பயிரு என்னமோ நல்லாத்தான் தூரு கட்டுச்சு. அந்த மூணு வாரமும் வாயு அப்படியே எறங்கிப் போச்சாம். ரோஸ்லின் போன்ல கோடு போட்டுக் காட்டுச்சு. மலையாட்டம் இருந்த கோடு படுத்துக் கெடக்கு. வரப்பு மேல நின்னு ஆடுச்சு பாருங்க அந்தப் பொண்ணு! ஆடி, வழுக்கி, சேத்துல விழுந்து, எந்திரிச்சும் ஆடுச்சு. கையில பாட்டிலை மட்டும் விடல. நானும் சேந்து ஆடுனேன். ஏன் எறங்குச்சுன்னு நான் யோசிக்கவே இல்லை.

ஆடிப்பெருக்கு அன்னிக்குக் காலையில தையல்நாயகி திருப்பூருலேருந்து வந்து பஸ்ஸை விட்டு எறங்குச்சு. நான் நல்ல மனசோட, "வாங்க சம்பந்தி, பேரப்புள்ளை எப்படி இருக்கு?"ன்னேன். "நல்லாருக்கு சம்பந்தி. ஆத்துல தண்ணி வந்திருச்சாமே, உங்க வயலுக்குச் சொல்லிட்டீங்களா?"ன்னுச்சு. பையைக்கூட இன்னும் கீழ வெக்கல! ஆடி இருவத்திரெண்டுல, எங்க வயலு வெடிப்புல அது வளக்கற கோழிக்குஞ்சு விழுந்து காணாமப் போயிருச்சுன்னு வீடு வீடாத் தேடுச்சு. குஞ்சு அவங்க வீட்டுக் கூடைக்கு அடியிலதான் இருந்துச்சு. தொறந்தேன். சொன்னப்பல்லாம் தொறந்தேன். கோடும் திரும்ப மலையேறிப் போச்சு.

ஆவணி நாலாம் தேதி அந்தப் பொண்ணு படிப்புக்குப் பொறுப்பான பெரிய சாரு ஜீப்புல வந்தாரு. புங்க மரத்தடியில நின்னு காகிதத்தை விரிச்சாரு. நான் ஒரு பக்கம், தையல்நாயகி ஒரு பக்கம், வெண்ணிலா எல்லாருக்கும் காபி கொண்டாந்து நிக்குது. அவரு கத்தல. கத்தியிருந்தாத் தேவலை. "ரோஸ்லின், காயற வயலுல இவ்வளவு வாயு வராதும்மா. ஒரு வாரம் ஏறுது, ஒரு வாரம் எறங்குது, மூணு வாரம் ஒழுங்கா இருக்கு, திரும்ப ஏறுது. ஒண்ணு நீ பாட்டிலை மாத்தியிருக்கணும், இல்லை ஒக்காந்து நீயாக் கணக்கு எழுதியிருக்கணும். இந்தப் போகத்தையே தூக்கிப் போட்டுரு. நீ இதுல தொடரணுமாங்கறதையும் யோசிக்கணும்"ன்னாரு.

அந்தப் பொண்ணு அழுவல. தெர்மாக்கோல் பொட்டியைத் தொறந்து பாட்டிலையெல்லாம் ஒண்ணொண்ணா உள்ள அடுக்க ஆரம்பிச்சுது. கோகிலம் ஒண்ணு, கோகிலம் ரெண்டு. என் பேரு உள்ள போவுது, என் பேரு உள்ள போவுது.  நான் வாயைத் தொறந்தா அந்தப் பொண்ணு பொழைச்சுக்கும். ஆனா எதிர்ல யாரு நிக்கறா? சம்பந்தி! காஞ்ச வயலுக்காரின்னதுக்கே எம் மக அங்க தலையைக் குனிஞ்சா. இனிமே தண்ணி திருடி மகளா? அந்த வீட்டுல அவ ஆயுசுக்கும் எப்படிச் சோறு போட்டு நிமிந்து நிப்பா? வெண்ணிலாவைப் பாத்தேன். ரோஸ்லினைப் பாத்தேன். கடைசிப் பாட்டிலை அது கையில எடுத்துருச்சு.

"சார், தண்ணி நான்தான் தொறந்துவிட்டேன்"னுட்டேன். "நண்டு இல்ல சார், நானு. எங்க சம்பந்தி வயலுலேருந்து திருடுனேன். நோட்டுல எழுதுனதெல்லாம் பொய்யி. அந்தப் புள்ளை மேல ஒரு தப்பும் இல்லை."

சொல்லிட்டு கண்ணை மூடிக்கிட்டேன். அந்தம்மா என்ன சொல்லப் போவுதோன்னு காதையும் மூடலாம்னு பாத்தேன், ரெண்டு கையிலயும் காபி டம்ளரு.

"பொய்யி சார்"னுச்சு தையல்நாயகி. "சம்பந்தி புளுவுறாங்க. தொறந்தது நானு."

நான் கண்ணைத் தொறந்துட்டேன். "நீங்க எதுக்குத் தொறக்கறீங்க, உங்க தண்ணியை?"ன்னேன். "என் தண்ணி, நான் தொறப்பேன்"னுச்சு. "நான் கையால நோண்டுனேன்"ன்னேன். "நான் மம்புட்டியால வெட்டுனேன், உங்க கையால நோண்டுனா அந்த அகலம் வருமா?"ன்னுச்சு. "என் திருட்டை நீங்க எப்படிப் புடுங்கலாம்?"னு கேட்டேன், சத்தியமா அப்படியே கேட்டேன். சாரு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குறாரு. ரோஸ்லின் கையில பாட்டிலோட அப்படியே நிக்குது. களை எடுத்துக்கிட்டிருந்தவங்கல்லாம் சேத்துக் காலோட வந்து சுத்தி நின்னுட்டாங்க.

அப்பத்தான் சாரு ஒரு கேள்வி கேட்டாரு. "அம்மா, யாரு தொறந்தா என்ன, என்னைக்கெல்லாம் தொறந்தீங்க? தேதி தெரியுமா? தெரிஞ்சா இது அத்தனையும் உருப்படும்."

தேதி தெரியுமாவா! நான் ஆரம்பிச்சேன். "ஆனி பதிமூணு சார். பன்னெண்டாம் தேதி வெள்ளிக்கெழமை வெரதம்னு சொன்னாங்க, மறுநா தொறந்தேன். ஆனி பதினெட்டு, பதினேழுல கொழம்பைச் சொன்னாங்க. இருவத்தஞ்சு, முறுக்கு. ஆடிப்பெருக்குக்கு மறுநா, பஸ்ஸை விட்டு எறங்குன உடனே சொன்னது. இருவத்திமூணு, கோழிக்குஞ்சு." ஒம்பது தடவை தங்கச்சி, ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். என்னைக்கு, எந்த எடத்துல, யாரு யாரு நின்னு சிரிச்சாங்கன்னு சேத்து ஒப்பிச்சேன். ரோஸ்லின் காலண்டரைப் பாத்து பாத்து காகிதத்துல புள்ளி வெக்குது. ஒவ்வொரு புள்ளியும் போயி மலை ஏறுற எடத்துல ஒக்காருது. சாரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, "எப்படிம்மா தேதி இவ்வளவு துல்லியமா ஞாபகம் இருக்கு?"ன்னாரு. "சார், உங்களுக்குச் சம்பந்தி இருக்காங்களா?"ன்னேன். "இருக்காங்க"ன்னாரு. "அப்புறம் ஏன் சார் என்னைக் கேக்குறீங்க?"ன்னேன். ஊரே சிரிச்சுது. அவரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு வாயு அன்னிக்கு எங்க வயலுலேருந்து நெசமாவே கெளம்பியிருக்கும்.

தையல்நாயகி மட்டும் சிரிக்கல. மொகம் சுருங்கிப் போச்சு. "நான் இம்புட்டா பேசியிருக்கேன்?"னு கேட்டுச்சு. கேட்டுட்டுக் கீழ பாத்துக்கிட்டே சொல்லுச்சு. "எனக்கு வாயி சும்மா இருக்காது சம்பந்தி. நாலு பேரு இருந்தா சொல்லிப்புடுவேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போனா, வெண்ணிலா ஒரு வார்த்தை பேசாம சோத்தைப் போடும். பேசிட்டாக்கூடத் தேவலை. ராத்திரியெல்லாம் மனசு கேக்காது. மன்னிப்புக் கேக்கவும் வராது எனக்கு. மறுநா மத்தியானம் ஊரு அசந்த நேரமாப் போயி உங்க வயலுக்குத் தண்ணி தொறந்துவிட்டுட்டு வந்துருவேன். பயிராவது குடிக்கட்டும்னு."

அப்ப நான் திருடுறேன் திருடுறேன்னு சந்தோசப்பட்டதுல பாதி, அந்தம்மா தானாக் குடுத்தது!   "காபி ஆறிப் போச்சு, குடிங்க"ன்னு டம்ளரை நீட்டுனேன். வாங்கிக் குடிச்சுச்சு. அவ்வளவுதான் நாங்க பேசிக்கிட்டது.

ரோஸ்லின் படிப்பு தப்பிச்சுது. தப்பிச்சுதா, இன்னும் நல்லாவே ஆச்சுன்னு சொல்லுச்சு. தண்ணி விட்டா ஏறுது, நிறுத்துனா எறங்குதுங்கறதை ஒரே வயலுல இவ்வளவு தடவை யாரும் காட்டுனதில்லையாம். அறுப்புல ரெண்டு வயலும் வெளைச்சல் ஏறக்குறைய ஒண்ணாத்தான் கண்டுச்சு. அதைப் பாத்துட்டு இந்தச் சம்பாவுல மழை விட்ட நாள்லயெல்லாம் தையல்நாயகியும் தண்ணியை வடிச்சுக் காயவிடுது. ஊருல இன்னும் பதினேழு பேரு குழாய் புதைச்சிருக்காங்க.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதான்னுதானே கேக்குறீங்க? முடியல. தையல்நாயகி அன்னியோட வாயை மூடிருச்சு. மூணு மாசம்! என்னைப் பாத்தா, "வாங்க சம்பந்தி, நல்லாருக்கீங்களா சம்பந்தி"ன்னு சொல்லிட்டு ஓரமா ஒதுங்கிப் போயிரும். வெண்ணிலா போன் பண்ணி, "அம்மா, அத்தை எங்கிட்ட எதையும் சொல்லவே மாட்டேங்குறாங்க, ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி மூணு தடவை யோசிக்கிறாங்க, எனக்குப் பயமா இருக்கும்மா"ங்குது. எனக்கும் என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. வரப்புல நிப்பேன், அந்தம்மா கண்ணுல படற மாதிரி நிப்பேன், நம்ம வயலுல இம்மாம் பெரிய வெடிப்பு விட்டிருக்கு, ஒண்ணும் சொல்லாமப் போவுது. மனுசருக்குள்ள இவ்வளவு மரியாதை ஆவாதுங்க.

போன ஞாயித்துக்கெழமை அவங்க வீட்டுல விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க. தையல்நாயகிதான் பரிமாறுச்சு. "சாப்பிடுங்க சம்பந்தி, இன்னும் கொஞ்சம் சம்பந்தி"ன்னு அப்படி ஒரு பணிவு, எனக்குத் தாங்கல. சரி, நாமதான் ஆரம்பிச்சு வெக்கணும் போலன்னு, ஒரு வாய் சோத்தைப் போட்டுக்கிட்டு, வேணும்னே மொகத்தைச் சுளிச்சேன். "கொழம்பு ஒண்ணும் வாயில வெக்கற மாதிரி இல்லையே. உப்பே இல்லை"ன்னேன்.

தையல்நாயகி கரண்டியை டங்குன்னு சட்டியில போட்டுச்சு.

"யாரு வெச்ச கொழம்புன்னு தெரியுமா? வெண்ணிலா வெச்சது. எம் மருமக கொழம்பை இந்த வீட்டுல எம் மவனே ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், ஊரே சட்டியை வழிச்சுத் தின்னுட்டுப் போவுது. உங்க நாக்குலதான் கோளாறு. ஆறாப்பு படிச்சவங்களைத் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டு மைக்கு குடுத்தா இப்படித்தான், நாக்கு மரத்துப் போயிரும்!"

வெண்ணிலா அடுப்படி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. அவ மொகத்தை நீங்க பாத்திருக்கணுமே! கல்யாணத்தன்னிக்குக்கூட அவ அப்படி நிமிந்து நின்னு நான் பாக்கல.

நான் தட்டை நீட்டி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்கன்னேன். ஊத்துச்சு, முணுமுணுன்னு திட்டிக்கிட்டே ஊத்துச்சு. வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

உப்பு நெசமாவே கம்மிதான் தங்கச்சி. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், நான் சாவற வரைக்கும் வேற யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.